அம்பது நிமிசத் தூரம்

மதுரைக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம் சங்கிலியிடம் எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. மைலிலும் வராது. மெட்ராஸ் என்றால் ஒண்ணேகால் மணி நேரம் என்பார். திருச்சி என்றால் முப்பது நிமிசம். திருவனந்தபுரம் என்றால் கையை வீசி, "அம்பது நிமிசந்தேன்" என்பார். கேட்டவன் பெரும்பாலும் கையில் மஞ்சள் பையோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவனாக இருப்பான். விமானம் எத்தனை நிமிடத்தில் போனால் அவனுக்கு என்ன வந்தது? அதைப் பற்றிச் சங்கிலிக்குக் கவலை கிடையாது. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.

மதுரை விமான நிலையத்தில் அவர் லோடர். விமானத்தின் வயிற்றில் பெட்டி ஏற்றுவதும் இறக்குவதும் வேலை. முதலில் ஓடுபாதை ஓரத்தில் கான்ட்ராக்டருக்குப் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால் அதே மண்ணில் அடுத்தவர் வயலில் களை எடுத்திருக்கிறார். பிறகு பத்து வருடம் தினக்கூலிக்குப் பெட்டி தூக்கி, எழுபத்தேழில் விமானக் கம்பெனி வேலை நிரந்தரமாகி, காக்கிச் சட்டையும் வருடத்துக்கு ஒரு இலவசப் பாஸும் கிடைத்தன. இடம் காலியாக இருந்தால் போய்வரலாம். சங்கிலி அந்தப் பாஸை ஒரு தடவைகூட வாங்கியதில்லை. எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று கேட்பார். உள்ளூரப் பயமும் உண்டு. அதை மட்டும் வெளியே சொல்ல மாட்டார்.

காலனிக்கு வெளியே அவரை 'ஏய் சங்கிலி' என்று கூப்பிடுகிறவர்கள்தான் நிறையப் பேர், அவரை விடப் பத்து வயது சின்னவர்களும் சேர்த்து. இந்தக் கதையில் அவர் 'அவர்'தான். அந்த மட்டுக்காவது நம்மால் முடியும்.

ஒரே பெண் தங்கப்பொண்ணு. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து கம்பி வேலிக்கு வெளியே நிற்பாள். சங்கிலி வேலியோரம் குந்திச் சாப்பிடுகையில் இரண்டு மணி விமானம் கிளம்பும். அது மெட்ராசிலிருந்து வந்து, இங்கே இறக்கி ஏற்றிக்கொண்டு, திருவனந்தபுரம் போகிற விமானம்; இரண்டு விசிறி வைத்த பழைய ஆவ்ரோ. "நீ வீட்டுக்குப் போயிச் சட்டியக் கழுவி, ஆட்டுக்குத் தண்ணி காட்டி முடிக்கையில அது அங்க இறங்கியிருக்கும்" என்று சொல்லிக் கொடுப்பார். அவளும் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சட்டியைக் கழுவி, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, இந்நேரம் இறங்கியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்வாள்.

எழுபத்தெட்டில் மாப்பிள்ளை வந்தான். பெயர் சுருளி, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். நல்ல பையன், குடிக்காதவன். வேலை மட்டும் திருவனந்தபுரத்தில். சங்கிலியின் மனைவி மலையம்மாள் அம்புட்டுத் தொலைவுக்குப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நல்லது கெட்டது என்றால் எப்படிப் போவது, ஒரு காய்ச்சல் தலைவலி என்றால் யார் பார்ப்பது என்று கேட்டாள். அதற்குச் சங்கிலி சொன்ன பதிலைக் காலனியே கேட்டது.

"என்னடி பெரிய தொலைவு? அம்பது நிமிசம். நீ இங்க ஒல வச்சுட்டு அங்க போயிப் புள்ளயப் பாத்துட்டு வந்து வடிக்கலாம்."

விமானத்தில் அவர் ஏறப்போவதில்லை, மலையம்மாள் ஏறப்போவதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்பது நிமிடம் பேச்சில் ஜெயித்துவிட்டது. உள்ளே இருந்து தங்கப்பொண்ணு சிரித்த சத்தம் கேட்டது. அவளுக்கும் சுருளியைப் பிடித்திருந்தது.

ரயிலேறும்போது அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அப்பாவிடம் ஒன்று மட்டும் சொன்னாள். ரெண்டு மணிப் பிளேனை அவர் இங்கே அனுப்பினால் ரெண்டு அம்பதுக்கு அவள் அங்கே அண்ணாந்து பார்ப்பாளாம். அன்றிலிருந்து சங்கிலி சாமான் கதவைச் சாத்தியதும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி அனுப்புவார். கூட வேலை செய்யும் சோணை, மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி தட்டுறியேப்பா என்று கேலி செய்வார். சோணை அங்கே சங்கிலிக்கு மூத்த லோடர். ஊர்ப்பட்ட சாவும் கல்யாணமும் பார்த்தவர்.

தங்கப்பொண்ணு ஐந்தாவது வரை படித்தவள். மாதம் ஒரு கடிதம் போடுவாள். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து, ரயில்வே குடியிருப்பில் தண்ணீர் வருவது வராதது, மீன் விலை எல்லாம் எழுதி, கடைசி வரியில் 'போன செவ்வாய்க்கிழமை பிளேன் கால் மணி நேரம் லேட்டு, ஏன்' என்று கேட்டிருப்பாள். சங்கிலிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் இருக்கும். யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டம்மா பெட்டியை மாற்றிக் கொடுத்து ரகளை பண்ணிய நாள். காலனியில் எழுதத் தெரிந்தவர் யாரையாவது பிடித்துப் பதில் கடிதத்தில் அதை எழுதச் சொல்வார். மூன்று வருடம் அப்படிப் போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு அது நல்ல காலம். நல்ல காலம் என்று அப்போது தெரியவில்லை.

எண்பத்தொன்று ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டேகாலுக்குத் தந்தி வந்தது. தந்திக்காரர் சைக்கிளை விமான நிலைய வாசலில் சாய்த்துவிட்டு, சங்கிலி யாரு என்று கேட்டுக்கொண்டே வந்தார். இங்கிலீஷில் இருந்தது. சங்கிலி அதை எடுத்துக்கொண்டு ஆபீசர் வெள்ளைத்துரையிடம் போனார். வெள்ளைத்துரை திருநகரில் குடியிருப்பவர், ஸ்கூட்டரில் வருவார், சங்கிலியை 'வாங்க போங்க' என்று பேசுகிற ஒரே ஆபீசர். அவர் மெதுவாகப் படித்தார். தங்கப்பொண்ணு சீரியஸ், உடனே புறப்படவும், சுருளி.

அவ்வளவுதான். சங்கிலி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

'சீரியஸ்' என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன அர்த்தமோ, நம் பக்கத்தில் தந்தியில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். செத்துப்போனார் என்று யாரும் தந்தியில் எழுத மாட்டார்கள். வருகிறவன் வழியில் நெஞ்சு வெடித்துப் போவான், தந்திக்காரன் வாயால் அதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு இரக்கம். அதனால் 'சீரியஸ்' என்று போடுவார்கள். வாங்குகிறவனும் படித்த உடனே புரிந்துகொள்வான். ஊர் முழுக்கச் சேர்ந்து சொல்லிக்கொள்ளும் பொய் அது. காலனிக்கு அதற்கு முன் வந்த தந்திகள் மூன்று. மூன்றிலும் சீரியஸ். மூன்றுக்கும் போனவர்கள் பிணத்தைத்தான் பார்த்தார்கள். சங்கிலியின் அப்பா இறந்தபோது, கூடலூர் எஸ்டேட்டில் இருந்த தம்பிக்கு 'ஃபாதர் சீரியஸ்' என்று தந்தி கொடுத்தது யார்? சங்கிலிதான். அப்போது அப்பாவைக் குளிப்பாட்டி நெற்றியில் காசு வைத்தாகிவிட்டது. தானே சொன்ன பொய்யை இன்னொருவன் சொல்லும்போது எப்படி நம்பாமல் இருப்பது?

வெள்ளைத்துரை எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். "சீரியஸ்னுதானே போட்டிருக்கு, சங்கிலி. ரெண்டு மணி ஃபிளைட்ல ஒரு சீட் காலியா இருக்கு. உங்க பாஸை இப்பவே போட்டுத் தாரேன். மூணு மணிக்கு முன்னால அங்க நிப்பீங்க."

சங்கிலி சோணையைப் பார்த்தார். சோணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாருக்கு நம்ம தந்தி வழக்கம் தெரியாது என்றார்.

சங்கிலி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மலையம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் காலனி கூடிவிட்டது. கொஞ்ச நேரம் அழுதபின் ஆக வேண்டியதைப் பேசினார்கள். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி போக வேண்டும். தாய்மாமன் முன்னால் வர, பங்காளிகள் சூழ வர, புதுப் புடவையும் மாலையுமாகப் போய்ப் போர்த்தினால்தான் எடுப்பார்கள். அதுவரை எத்தனை மணியானாலும் பிணம் காத்திருக்கும். தாய்மாமன் என்றால் மலையம்மாளின் தம்பி கருத்தக்கண்ணன். சமயநல்லூர்ப் பக்கம் மில்லில் வேலை. ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும்.

பிளேனில் ஒரு இடம் இருப்பதாகச் சங்கிலி தயங்கித் தயங்கித்தான் சொன்னார். சொல்லும்போதே அது தப்பு என்று அவருக்குத் தோன்றியது. மகள் செத்த வீட்டுக்கு, கோடியும் இல்லாமல், மாமனும் இல்லாமல், அப்பன் ஒற்றை ஆளாக ஆகாயத்தில் பறந்து போய் இறங்குவதா? சுருளியின் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அனாதைப் பெண்ணையா கட்டினோம் என்று கேட்க மாட்டார்களா?

மலையம்மாள் வேறு ஒன்று கேட்டாள். "நீங்க மட்டும் போயி என்ன செய்வீக? எம்புள்ள மொகத்த நான் பாக்க வேணாமா?"

ஒரு இடம்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறவளிடம் போவதென்றால்தான் ஓட வேண்டும். இதற்கு எல்லோருமாகச் சேர்ந்து போவோம் என்று முடிவானது. ஒரு வேன் பேசினார்கள்.

சங்கிலி ஆபீசருக்குப் பதில் சொல்லத் திரும்பப் போனபோது விமானம் வந்து நின்றிருந்தது. வெள்ளைத்துரை இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். மகள் உயிரோடு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேட்க அவருக்கு நாக்கு வரவில்லை. அப்படிக் கேட்டு, போய்ப் பார்த்து இல்லையென்றால் அந்தப் பாவம் தனக்கு என்று நினைத்தார். நல்ல மனிதர்கள் இப்படித்தான் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுக் காலமெல்லாம் அவதிப்படுகிறார்கள். சமயநல்லூர் மில்லுக்குப் போன் போட்டுத் தகவல் சொல்ல மட்டும் அவரால் முடிந்தது.

மல்லிகைக் கூடைகள் முப்பதுக்கு மேல் நின்றன. திருவனந்தபுரம் போகிற பூ. வெயிலில் நின்றால் வாடிவிடும். சோணையால் தனியாக முடியாது. கருத்தக்கண்ணன் வரச் சாயங்காலம் ஆகும், அதுவரை சும்மா நின்று என்ன செய்வது என்று சங்கிலி கூடைகளைத் தூக்கி ஏற்றினார். ஈரச் சாக்கு போட்டு மூடினார். கதவைச் சாத்தினார். கை பழக்கத்தில் தட்டப் போனது. யாருக்குத் தட்ட என்று நிறுத்திக்கொண்டார். இரண்டு மணிக்கு, ஒரு நிமிடம்கூடப் பிசகாமல், ஒரு இடம் காலியாக விமானம் கிளம்பியது.

அங்கிருந்து பஸ் பிடித்து விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குப் போனார். கணவன் இருக்கும்போது போனவளுக்குச் சிவப்புக் கோடி. கடைக்காரர் கல்யாணத்துக்கா என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அழுத்தமான சிவப்பில், மஞ்சள் கரை போட்டதாக ஒன்று எடுத்தார். மகளுக்குப் பிடிக்குமா என்று ஒரு நிமிடம் யோசிக்கவும் செய்தார். அப்போது கடைக் கடிகாரத்தில் மணி மூன்று அடித்தது. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கருத்தக்கண்ணன் வந்து சேர ஐந்தரை. வேன் கிளம்ப ஆறு. பதினான்கு பேர். கோவில்பட்டி தாண்டி டயர் வெடித்தது. நாகர்கோவிலில் வழி தப்பியது. பொழுது விடியும் வேளைக்கு ரயில்வே குடியிருப்பில் போய் இறங்கினார்கள்.

இறங்கும்போதே பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். கருத்தக்கண்ணன் தாம்பாளத்தில் கோடியும் மாலையுமாக முன்னால் நடந்தான். வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. பந்தல் இல்லை; நாற்காலி இல்லை; ஒரு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா பதறி ஓடிவந்து, கையை ஆட்டி ஆட்டி அழுகையை நிறுத்தச் சொன்னாள். அவள் பேசியதில் ஒரு சொல்தான் புரிந்தது. ஆஸ்பத்திரி.

ஒப்பாரி பாதியில் நின்றது. மலையம்மாள் சங்கிலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்தவளை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களா? வீட்டுக்குத்தானே கொண்டுவந்திருப்பார்கள்? தந்தியில் சீரியஸ் என்றுதான் போட்டிருந்தது என்று அப்போதுதான் யாரோ சொன்னார்கள். எல்லோரும் வேனுக்கு ஓடினார்கள். பெண்கள் அவசர அவசரமாகக் கொண்டை போட்டுக்கொண்டார்கள். சங்கிலி கோடியையும் மாலையையும் கருத்தக்கண்ணனிடமிருந்து பிடுங்கி, மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சீட்டுக்கு அடியில் தள்ளினார். மேலே ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரி போகிற அந்தக் கால் மணி நேரம், அவர் வாழ்க்கையில் சாமியை அப்படிக் கும்பிட்டதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சுருளி சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மலையம்மாள் அங்கேயே விழுந்தாள். கருத்தக்கண்ணன்தான் குனிந்து எப்போது என்று கேட்டான்.

"நேத்துச் சாயங்காலம், ஆறரைக்கு."

சங்கிலிக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. பிறகு ஏறியது. பன்னிரண்டேகாலுக்குத் தந்தி. இரண்டுக்கு விமானம். இரண்டு அம்பதுக்கு இங்கே. ஆறரைக்கு. நிமிடக் கணக்கிலேயே வாழ்ந்த மனிதர், அந்தக் கணக்கை அவரால் போடாமல் இருக்க முடியவில்லை.

சுருளி பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். காமாலை. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்ததில் பதினைந்து நாள் போய்விட்டது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். வியாழக்கிழமை காலையில் தெளிவாகப் பேசினாள். அய்யாவுக்குத் தந்தி கொடுங்கள், இன்றைக்கே வந்துவிடுவார் என்று சொன்னது அவள்தான். கம்பெனியில் இடம் கொடுப்பார்கள் என்றும் சொன்னாளாம். சுருளி தபாலாபீசில் போய்க் கேட்டபோது அங்கிருந்தவர் 'சீரியஸ்' என்று எழுதிக் கொடுத்தார். அவன் உண்மையைத்தான் எழுதினான். நம் பக்கத்து ஆட்களில் அந்தச் சொல்லை உண்மையாக எழுதியவன் அவன் ஒருத்தன்தானோ என்னவோ.

"ரெண்டம்பதுக்குப் பிளேன் சத்தம் கேட்டுச்சு மாமா. அய்யா எறங்கிட்டாரு, எனக்குத் தல சீவி விடுங்கன்னுச்சு. சீவி விட்டேன். நாலு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பெறகு, அய்யாவுக்கு இந்த ஊரு பாச தெரியாது, வழி தெரியாம நிப்பாரு, நீங்க போயி கேட்டுல நில்லுங்கன்னுச்சு. நான் வந்து கேட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். இருட்டுற வரைக்கும் நின்னேன்."

அவன் உள்ளே திரும்பிப் போனபோது நர்ஸ் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அப்பா வருவார் என்று தங்கப்பொண்ணு அவனை அனுப்பியிருந்தாள். அதனால் அவனும் பக்கத்தில் இல்லை. ஒருவரும் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

உடம்பை வெளியே கொண்டுவந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து கோடியை எடுத்தார்கள். கருத்தக்கண்ணன் அதைப் பிரித்துப் போர்த்தப் போனான். சுருளி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டான்.

"இது எப்ப எடுத்த கோடி மாமா?"

சங்கிலி பொய் சொல்லவில்லை. மூணு மணிக்கு என்றார்.

"அப்பத்தேன் தல சீவிக்கிட்டு இருந்துச்சு" என்றான் சுருளி.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டு ஊருக்கு வந்தார்கள். பதினாறாம் நாள் முடிந்து சங்கிலி வேலைக்குத் திரும்பினார். கதவைச் சாத்துவார், தட்டுவதில்லை. எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவர் முகமும் இல்லை. வெள்ளைத்துரை கண்ணில் படும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். தலையைக் குனிய வேண்டியது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

மலையம்மாள் புருஷனைக் குறை சொல்லவில்லை. தானும்தான் தடுத்தது என்பது அவளுக்குத் தெரியும். குறை சொல்லியிருந்தால்கூட இருவரும் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பார்கள். அவள் அவருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுத் தான் அடுப்படியில் தனியே சாப்பிடுவாள். இரண்டு மணிச் சத்தம் கேட்கும்போது வெளியில் என்ன வேலை கிடந்தாலும் உள்ளே போய்விடுவாள்.

ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பிளேனில் போயிருந்தாலும் பார்த்திருக்க முடியாது. பாஷை தெரியாத ஊர், இங்கிலீஷ் தெரியாத ஆள். ஆஸ்பத்திரியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ராத்திரி ஆகியிருக்கும். முதலில் சோணைதான் இதைச் சொன்னார். சங்கிலி அதைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், எப்படிக் கண்டுபிடிப்பது? அது என்ன பெருங்குடியா? மலையம்மாளிடமும் அதைச் சொன்னார். அவளும் அதைக் கேட்டுக்கொண்டாள். ஒரு வருடம் அந்த வீடு அந்த ஒரு வாக்கியத்தில் நின்றது.

எண்பத்திரண்டு ஆவணியில் சங்கிலி வெள்ளைத்துரையின் மேசைக்கு முன்னால் போய் நின்று பாஸ் கேட்டார். எந்த ஊருக்கு என்று வெள்ளைத்துரை கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தார்.

மூட்டை ஏற்றுகிற பக்கமாகவே பதினைந்து வருடம் பார்த்த விமானத்தில் அன்றைக்குப் படி வழியாக ஏறினார். பயப்பட நேரமில்லை. ஜன்னல் வழியே பார்க்கவும் இல்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லேட்டாக வேண்டும், எப்படியாவது லேட்டாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விமானத்தில் போன ஆள் அவராகத்தான் இருப்பார். சக்கரம் தரையில் பட்டபோது மணி இரண்டு நாற்பத்தொன்பது.

வெளியே வந்து ஒரு போர்ட்டரிடம் ஆஸ்பத்திரி என்று ஒரே சொல் சொன்னார். அவன் காக்கிச் சட்டையைப் பார்த்து, அண்ணாச்சி மதுரையா என்று தமிழில் கேட்டான். நாகர்கோவில்காரன். பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்து, கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொல்லி ஏற்றிவிட்டான். கண்டக்டர் வாசலிலேயே இறக்கிவிட்டார். இறங்கி எந்தத் திசையிலும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த கேட் எதிரே இருந்தது.

மணி மூன்று இருபது.

சங்கிலி அந்தச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தார். ஆறரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒருவர் தன் வீட்டு நோயாளிக்கு ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கிப் போய், திரும்பி வந்து, தூங்கி எழுந்து, மறுபடியும் காப்பி வாங்கிப் போனார். அவ்வளவு நேரம் இருந்தது. தலையைத் தடவியிருக்கலாம், தண்ணீர் கொடுத்திருக்கலாம், அந்தச் செவ்வாய்க்கிழமை ரகளையை இன்னொரு தரம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். அழுகைகூட வரவில்லை அவருக்கு. இருட்டியதும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். திரும்புவதற்கான பாஸ் சட்டைப் பையிலேயே கிடந்தது.

காலையில் வீட்டுக்கு வந்தபோது மலையம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்கே போய் வருகிறார் என்று சோணை சொல்லியிருக்க வேண்டும். அவள் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியக் கண்டுபிடிக்க எம்புட்டு நேரமாச்சு?"

சங்கிலி அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமாக உள்ளே போய் உள்ளே போய் ஒளிந்த முகம்.

"ஏழு மணி ஆயிப்போச்சு" என்றார். "ஊரெல்லாம் சுத்திட்டேன். ஒருத்தனுக்கும் நம்ம பேச்சு வெளங்கல."

"நெசமாவா?"

"நெசந்தேன்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, நின்றபடியே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்குச் சோறு போட்டாள். தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நம்ம மேல தப்பில்லங்க என்று சொல்லிக்கொண்டே பிசைந்தாள். சங்கிலி தலையை ஆட்டினார். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீரைக் குடித்து இறக்கினார். அன்றைக்கு அவருக்கு வேலை இருந்தது. இரண்டு மணி விமானத்துக்கு நேரமாகிவிடும் என்று சொல்லி எழுந்து கையைக் கழுவினார்.